ஜப்பான் கடையில் பெண் பார்த்தது

குற்றாலத்தில் சீசனுக்குச் சீசன் முளைக்கிற கடைகளில் அந்த ஒரு கடைக்கு மட்டும் நான் தீ வைத்திருக்க வேண்டும். இப்போது சொல்லி என்ன செய்ய. எண்பதுகளின் நடுவில், நாங்கள் தென்காசியில் இருந்தபோது, பேரருவிக்குப் போகிற வழியில் ஒருவர் தகரக் கொட்டகை போட்டு நூடுல்ஸ் கடை வைத்தார். சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். கப்பல் பழுதாகி ஜப்பானில் ஏதோ ஒரு துறைமுகத்தில் மாதக்கணக்கில் கிடந்தபோது, அங்கே ஒரு கடையில் கூடமாட நின்று கற்றுக்கொண்டதாகச் சொல்வார். மாவைப் பிசைந்து, தேய்த்து, மடித்து, கத்தியால் நூல் நூலாக வெட்டுவார். ஊரில் அதற்கு ஜப்பான் கடை என்றே பேர். "இடியாப்பத்தைத் தண்ணிக்குள்ள முக்கித் தாரான்" என்று சிரித்தவர்களும் மறுநாள் அங்கேதான் நின்றார்கள்.

நான் கல்லூரித் தோழிகளோடு முதல் தடவை போனபோது தட்டில் வதக்கித் தருகிற நூடுல்ஸ் வாங்கினோம். முள்கரண்டியில் சுற்றிச் சுற்றி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி நழுவி விழுந்தது. ஒரே சிரிப்பு. சிரித்துக்கொண்டே எதிரே இருந்தவளின் கையைப் பார்த்தேன். முள்கரண்டியைப் பிடித்திருந்த அந்தக் கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தன. என் கையைப் பார்த்தேன். அதிலும் அப்படித்தான். அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை எனக்கு வந்தது.

எங்கள் அப்பாவின் வலது கையில் அந்த இரண்டு விரல்களும் எப்போதுமே மடங்கியிருக்கும். நிமிர்த்த முடியாது. எங்கள் வீட்டில் அந்த நோயின் பெயரை ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் வாதம் என்றோம். இப்போது நான் சொல்கிறேன்: தொழுநோய். எழுபதுகளில் வந்தது. வருஷக்கணக்கில் மாத்திரை தின்று, முற்றிலும் குணமாகிவிட்டது, இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டரே எழுதிக் கொடுத்தார். ஆனால் விரல் விரல்தான். இரண்டு உள்ளங்கைகளும் மரத்துப் போனது போனதுதான். அப்பா குளித்து வந்ததும் அம்மா அவர் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். எங்கேயாவது வெட்டுப்பட்டிருந்தால், சுட்டிருந்தால், அவருக்குத் தெரியாதே. காப்பியைக்கூட நன்றாக ஆற்றித்தான் கையில் கொடுப்பாள்.

ஜவுளிக்கடையைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு அப்பா வீட்டோடு இருந்தார். அக்காவுக்கு இருபத்தொன்பது முடிந்துவிட்டது. பார்க்க லட்சணமாக இருப்பாள். வந்தவர்கள் யாரும் அவளைப் பிடிக்கவில்லை என்று சொன்னதில்லை. ஆனால் எங்கள் பக்கம் ஒரு வழக்கம். சம்பந்தம் பேசி மனம் ஒத்துப்போனால் இரண்டு வீட்டு ஆண்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து கை நனைக்க வேண்டும். கை நனைத்தால்தான் பேச்சு உறுதி. அப்பா உட்காருவார், சோற்றில் குழம்பை விட்டுப் பிசைவார், அவ்வளவுதான். மடங்கிய விரல்களுக்கு வெளியே பருக்கை சிந்தும். எதிர்வரிசையில் கண்கள் ஒன்றையொன்று பார்க்கும். ஒரு தடவை ஸ்பூன் வைத்துப் பார்த்தோம். "அண்ணாச்சி என்ன, சோத்தை ஸ்பூன்ல திங்குதிய?" என்று நேராகவே கேட்டுவிட்டார்கள். மூன்று சம்பந்தம் இப்படிச் சாப்பாட்டு இலையில் முறிந்தது.

அக்காவுக்காகத்தான் நான் அவ்வளவு பாடுபட்டேன் என்று சொன்னால் அது பொய். அவள் கல்யாணம் முடியாமல் எனக்கு வழியில்லை. எனக்கும் இருபத்துமூன்று ஆகியிருந்தது. அந்த வயதில் மனசு அப்படித்தான் இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பாவூர்சத்திரத்திலிருந்து ஒரு இடம் வந்தது. காய்கறி மண்டி வைத்திருக்கிற குடும்பம். பையன் மதுரையில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. சீசன் சமயம் ஆகையால் குற்றாலத்துக்குக் குளிக்க வருவதுபோல வந்து பார்த்துக்கொள்வோம் என்று அவர்களே சொல்லி அனுப்பினார்கள். நான் துள்ளிக் குதித்தேன். "ஜப்பான் கடைக்குக் கூட்டிட்டுப் போவோம்மா. அங்க எல்லாரும் முள்கரண்டியிலதான் சாப்பிடணும். அப்பா விரலு தெரியவே தெரியாது" என்றேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். "இவளுக்கு இருக்க மூளை நமக்கு இல்லாமப் போச்சே!" என்று அப்பாவிடம் சொன்னாள்.

ஒரு வாரம் வீட்டில் பயிற்சி நடந்தது. சேமியாவை வேகவைத்து, சித்தப்பா வீட்டிலிருந்து முள்கரண்டி வாங்கி வந்து அப்பாவுக்குக் கொடுத்தேன். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் நன்றாக வேலை செய்ததால் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. "துரை மாதிரி திங்கேன் பாத்தியா?" என்று சுற்றிச் சுற்றிக் காட்டினார். அவர் அப்படிச் சிரித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அக்கா மட்டும், "எல்லாத்தையும் சொல்லிட்டாத்தான் என்ன?" என்று ஒரு தடவை கேட்டாள். "வாயை மூடிக்கிட்டு இரு" என்று நான்தான் அடக்கினேன்.

அன்றைக்கு நல்ல சாரல். அருவியில் பெண்கள் குளிக்கிற பக்கத்தில் பையனின் அம்மா அக்காவோடு ஒன்றாக நின்று குளித்தாள். முதுகு தேய்த்துவிடுகிறேன் என்று சொல்லி முதுகைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். பெண் பார்க்க இதைவிடத் தோதான இடம் ஏது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கரையேறியதும் அந்த அம்மாளே அக்காவின் ஈரத் தலையைத் துவட்டிச் சிக்கெடுத்து விட்டாள். "உள்ளங்காலுகூட எப்படி வெள்ளையா வச்சிருக்கா பாரு" என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜப்பான் கடையில் நீளப் பலகை மேசை. ஒரு பக்கம் அவர்கள் மூன்று பேர், எதிரே நாங்கள் நான்கு பேர். நான் தட்டு நூடுல்ஸ் சொல்லப் போனேன். அதற்குள் பையனின் அம்மா, "குளிச்சது வெடவெடன்னு இருக்கு. தண்ணியா, சூடா எதும் உண்டுமா?" என்று கேட்டுவிட்டாள். கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். அதுதான் அசல் ஜப்பான் பதம் என்று ஏழு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார். பீங்கான் வாங்கி மாளாது என்று எவர்சில்வர் கிண்ணம். இஞ்சி, முட்டைக்கோஸ், கேரட், கறுப்பாக ஏதோ ஒரு சாஸ், அதற்குள் நூடுல்ஸ். ஆவி முகத்தில் அடித்தது.

அப்பா ஜோராகச் சாப்பிட்டார். பையனின் அப்பாதான் முள்கரண்டியோடு மல்லுக்கட்டினார். "இது என்ன அண்ணாச்சி, பிடிச்சா நழுவுது, விட்டா ஒட்டுது?" என்று அவர் அலுத்துக்கொள்ள, அப்பா அவருக்குச் சுற்றிக் காட்டிக் கொடுத்தார். ஜவுளி, காய்கறி, லாரி வாடகை என்று பேச்சு வளர்ந்தது. "அப்புறம் என்ன, கை நனைச்சாச்சு" என்று பையனின் அப்பா சொன்னார். அம்மா மேசைக்கு அடியில் என் தொடையைப் பிடித்து அழுத்தினாள். அந்த நிமிஷத்தில் எழுந்து போயிருக்கலாம்.

கடைக்காரர் கொதிக்கிற சாற்றைக் கொண்டுவந்து எல்லோர் கிண்ணத்திலும் மறுபடி ஊற்றினார். "அங்கயெல்லாம் கிண்ணத்தை ரெண்டு கையாலயும் தூக்கிக் குடிப்பாங்க. அதுதான் சாப்பாட்டுக்கு மரியாதை" என்றார். பையனின் அப்பா கிண்ணத்தைத் தொட்டார். "எம்மா!" என்று விரலை இழுத்துக் காதைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தோம். எங்கள் அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, சம்பந்தி முன்னால் மரியாதைக்குக் குறை வைக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, தன் கிண்ணத்தை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துத் தூக்கினார்.

தூக்கியவர் உடனே குடிக்கவில்லை. முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஊதினார். கடையில் துணி கிழித்த காலத்துக் கதை ஒன்றைச் சொன்னார். மறுபடி ஊதினார். அப்போதுதான் நான் அவர் கைகளைப் பார்த்தேன். விரலை மறைக்கிறதிலேயே குறியாக இருந்து, மரத்துப்போன தோலை நாங்கள் நான்கு பேருமே மறந்துபோயிருந்தோம். வீட்டில் ஆறியதையே குடித்துப் பழகியவருக்குத்தான் அது எப்படி ஞாபகம் வரும்? அப்பா, கீழே வையுங்கள் என்று கத்த வேண்டும். கத்தினால் காட்டிக்கொடுத்ததாகிவிடும். வாயில் கொழுக்கட்டையை வைத்ததுபோல உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணாச்சி, உங்களுக்குச் சுடலையா?" என்று கேட்டாள் பையனின் அம்மா. அவள் சிரிக்கவில்லை. அப்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வைக்கிறதா பிடித்திருக்கிறதா என்று தெரியாமல் அப்படியே விறைத்துப்போனார். அக்கா எழுந்தாள். அவர் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கித் தன் இரண்டு உள்ளங்கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"அவ்வளவு ஒண்ணும் சூடு இல்லையே அத்தை" என்றாள். "நாங்க வீட்டுல எப்பவும் இப்படித்தான் பிடிப்போம்."

நின்றுகொண்டே இருந்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. ஒரு வாய் குடித்தாள். சிரிக்கக்கூடச் செய்தாள். மாப்பிள்ளைப் பையன் நல்லவன்தான். அவள் சொன்னதை நம்பி, தானும் சிரித்துக்கொண்டு கை நீட்டி அவள் பிடித்திருந்த கிண்ணத்தைத் தொட்டான். தொட்ட வேகத்தில் உதறிக்கொண்டு பின்னால் இழுத்தான். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தான். பெஞ்சில் சற்றுத் தள்ளி, பின்னால் நகர்ந்து உட்கார்ந்தான். அவன் அம்மா, சற்று முன் அக்காவுக்குச் சிக்கெடுத்துவிட்ட இரண்டு கைகளையும் முந்தானையில் அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.

"மழை வலுக்கதுக்குள்ள நாங்க கெளம்புதோம்" என்றார் பையனின் அப்பா.

பஸ்ஸில் அக்கா இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு வந்தாள். உள்ளங்கைகள் வெந்து சிவந்து போயிருந்தன. "வலிக்காக்கா?" என்று கேட்டேன். கேள்வியைப் பார்! "உசிரு போவுதுட்டி" என்றாள். முன் சீட்டில் இருந்த அப்பா திரும்பவே இல்லை. வீட்டுக்கு வந்து அம்மா அவர் கையைத் திருப்பிப் பார்த்தபோது அவருக்கும் அதே இடத்தில் கொப்புளம். அம்மா ஒரே எண்ணெயை எடுத்து இரண்டு பேருக்கும் தடவினாள். ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். இன்னொருவர் கையைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் தரகர் வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, "மூத்த பிள்ளைக்கும் இருக்காமே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?" என்றார். அம்மா அக்காவை இழுத்து வந்து அவள் கையை விரித்துக் காட்டினாள். "பாருங்க அண்ணாச்சி, எப்படி வெந்து கெடக்குன்னு பாருங்க! எம் பிள்ளை வலி பொறுக்க மாட்டாம தூங்கவே இல்லையே!" அவர் எட்டி நின்று பார்த்தார். "வெந்தது தெரியுது. வலிச்சுதுன்னு நான் எதைக் காட்டிச் சொல்ல?" என்றார். மனுஷன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

டாக்டரிடம் சீட்டு வாங்குவோம் என்றாள் அம்மா. "இல்லாத நோய்க்குச் சீட்டு வாங்கி நெத்தியில ஒட்டிக்கிடவா?" என்று அக்கா முதல் தடவையாகக் கத்தினாள். அதற்குள் புளியங்குடி வரைக்கும் பேச்சுப் போய்விட்டது. பிறகு எங்கள் வீட்டுக்கு ஒரு தரகரும் வரவில்லை. அம்மா என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இரண்டு வருஷம் கழித்துச் சித்தப்பா எனக்குச் சென்னையில் ஒரு இடம் பார்த்தார். எங்களை யாரென்று அறியாதவர்கள். திருச்செந்தூரில் வைத்துக் கல்யாணம். அப்பாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டோம், சித்தப்பாவே தாரை வார்ப்பதாக ஏற்பாடு. கிளம்புகிற அன்று காலையில் அக்கா எனக்குத் தலை பின்னிப் பூ வைத்துவிட்டாள். தன் பெட்டியை அவள் எடுத்து வைக்கவில்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

"நான் வரலட்டி. அப்பாவைப் பாத்துக்கிடணும்லா" என்றாள். என் பூவைச் சரிசெய்துகொண்டே, "யாரும் கேட்டா ஒத்தப் பிள்ளைன்னு சொல்லிரு" என்றாள்.

நீயும் வா என்று நான் சொல்லவில்லை. அழுதேனே தவிர, சொல்லவில்லை. தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி பக்கத்தில் வந்து கன்னத்தை வழித்துவிட்டு, "கூடப் பொறந்தவங்க எத்தனை பேரும்மா?" என்று பிரியமாகக் கேட்டாள்.

யாரும் இல்லை என்று சொன்னேன்.