டி.என். துனிசியாவுக்குப் போய்விட்டது

காலை ஏழரை மணிக்குச் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் திருச்செங்கோட்டு வண்டி ஏறினேன். சங்ககிரி வழியாக ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். அம்மாபேட்டை ஜவுளிக் கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுப்பவன் நான். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்காகப் போவது இதுவே முதல் தடவை.

அந்த ரிக்கின் முதலாளி பூங்கொடியக்கா போனில் கேட்டிருந்தார்: "நம்ம லாரி நம்பர்ல டி.என். இருக்குதில்லீங்க? அதே மாதிரி 'டாட் டி.என்.'னு முடியற அட்ரஸ் ஒண்ணு வாங்கிக் குடுங்க." அது கிடைக்காது என்று போனிலேயே சொல்ல வாய் வரவில்லை.

சங்ககிரியில் லாரிகளுக்கு நடுவே பேருந்து முக்கி முனகி நகர்ந்தது. "இந்த ஊர்ல மனுசனைவிட டயரு ஜாஸ்திங்க" என்றார் கண்டக்டர்.

பத்து மணிக்குத் திருச்செங்கோட்டில் லாரிப் பட்டறை. புது ரிக்கின் பக்கவாட்டில் கம்பெனிப் பெயரை ஆங்கிலத்தில் எழுதிப் புள்ளியும் வைத்துவிட்டு, மீதி முகவரிக்காகக் காத்திருந்தார் பெயிண்டர். அது அக்கா கணவரின் பெயர்; அந்தப் பெயரை இருவரும் சேர்ந்து வளர்த்தார்கள். கணவர் இறந்ததும் கொழுந்தன்மார் கம்பெனியைத் தங்கள் பக்கம் வைத்துக்கொண்டு, அந்தப் பெயரில் டாட் காம், டாட் இன் இரண்டையும் வாங்கிவிட்டார்கள். இது அக்கா தனியாக இறக்கும் முதல் வண்டி. சாயங்காலமே அதற்குக் கெங்கவல்லியில் முதல் வேலை.

"அக்கா, டாட் டி.என். துனிசியாவோடது. ஆப்பிரிக்கா."

"ஆப்பிரிக்காவுக்கு ரிக் அனுப்பறதே நம்ம திருச்செங்கோடுதானுங்க. எழுத்தை அவிய எடுத்துக்கிட்டாங்களா?"

விளக்கினேன். உலக நாடுகளின் குறியீட்டுப் பட்டியல் ஒன்று உண்டு. அதிலுள்ள இரண்டெழுத்துத்தான் இணைய முகவரிக்கும். சின்னத் தீவுக்குக்கூடக் கிடைக்கும். ஏழு கோடிப் பேருக்கு மேல் இருக்கும் மாநிலத்துக்குக் கிடையாது. சொல்லும்போது எனக்கே எரிச்சலாக இருந்தது. இசட்-இசட் மாதிரிச் சில எழுத்துகளை எந்த நாட்டுக்கும் தராமல் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றேன்.

"எங்கூட்டுக்காரரு பேரைக் கொழுந்தனாருங்க பூட்டி வெச்சிருக்கற மாதிரியாக்கும்" என்றார் அக்கா.

"தமிழ் எழுத்துலயே முடியறது ஒண்ணு இருக்குக்கா. புள்ளி இந்தியா. அதுவும் இந்தியாவுக்குன்னு முறையா ஒதுக்கினதுதான். ஆனா சில ஆப்புல, சைட்டுல அந்த முகவரியை ஏத்துக்காது."

"ஏத்துக்காதவிய போன் பண்ணட்டுமுங்க." பெயிண்டர் பக்கம் திரும்பினார். "அந்தப் பேரை அழிச்சிருங்க. எம் பேரைப் போடுங்க, தமிழ்ல."

தேடிப் பார்த்தேன், அவர் பெயரோடு 'போர்வெல்' சேர்த்தால் கிடைத்தது. அங்கேயே பதிவு செய்தேன். பெயிண்டர் தின்னரில் துணியை நனைத்துப் பழைய பெயரைத் துடைத்துவிட்டு, புது முகவரியை எழுதத் தொடங்கினார்.

"புள்ளியப் பெருசா வைங்க. எங்க கொழுந்தனாருங்க ரோட்டுக்கு அந்தாண்டயிருந்தே பாக்கோணும்."

எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. முன்சீட்டில் அக்கா.

திரும்பும் பேருந்தில் என் ஊரை நினைத்தேன். அம்மாபேட்டையில் நான் செய்த தளமெல்லாம் யாரோ ஒரு அப்பா பெயரில், மாமனார் பெயரில். கல்லாவில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கும் பெண்களின் பெயர் ஒன்றிலும் இல்லை. இனி புதுத் தளம் கேட்டு வரும் எந்தக் கடையிலும், முதலாளியிடம் பேசுவதற்கு முன் கல்லாப் பக்கம் போய்க் கேட்பேன்: "உங்க பேர் என்னங்க?"