நீலம் ஏறாத ஆக்ஸில்

அரம் கடித்தது. சாதாரண நாளில் அது நல்ல செய்தி. அன்றைக்கு அதைவிடக் கெட்ட செய்தி இல்லை.

வீல் வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் ஸ்போக் எப்படிக் கோர்ப்பது என்று கேட்கிறார்கள். அதை எந்தப் பட்டறையிலும் கற்றுக்கொள்ளலாம். நான் சொல்ல நினைப்பது இந்த ஒரு காலையைப் பற்றித்தான். இத்தனை வருஷம் ஆகியும் அது என்னை விடவில்லை.

1. வண்டி கேட்டு வந்தவர்

எழுபதுகளின் கடைசி. அரியலூர் கடைத்தெருவில் ஹனீபா பாயின் சைக்கிள் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் பெரம்பலூர்ப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் குடும்பத்தில் மெஷினைத் தொட்ட முதல் ஆள் நான்தான் என்று எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. பால் கேன் வண்டி, சோடாப் பெட்டி வண்டி என்று கடையில் விற்கும் ஹப்பு, அதாவது வீலின் நடுக்குடம், தாங்காத வேலையெல்லாம் என்னிடம் வரும். ஹப்பைக் கடைந்து, தடித்த ஸ்போக் போட்டு, வீல் கட்டி, கோட்டம் எடுத்துக் கொடுப்பேன்.

செல்வராணிக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். செந்துறை ரோட்டில் ஒரு கிராமம். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிவிட்டன. தையல் வேலை செய்தார். தைத்த துணியை டவுனுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் அண்ணனுக்கு எப்போது ஒழிகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த அண்ணன்தான் அவரைக் கேரியரில் உட்கார வைத்துப் பட்டறைக்குக் கூட்டிவந்தார்.

“கையால சுத்தி ஓட்டுற மாதிரி மூணு சக்கர வண்டி வேணும் அண்ணே. யாரும் தள்ளக் கூடாது, நானே ஓட்டணும். அப்புறம், பளபளன்னு இருக்கணும்” என்றார்.

“பளபளப்பு எதுக்குங்க? நாலு நாள் புழுதியில போயிடும்.”

“கல்யாண வூட்டுக்குப் போனாலும் சரி, கோயிலுக்குப் போனாலும் சரி, எல்லாரும் என் காலத்தான் பாக்கறாங்க. இனிமே வண்டியப் பாக்கட்டும்.”

அதற்கு மேல் என்ன பேசுவது? சரி என்றேன்.

2. பளபளப்பு

சைக்கிளில் வீலை இரண்டு பக்கமும் ஃபோர்க் பிடித்துக்கொள்ளும். இந்த மாதிரி வண்டியில் பின்னால் இருக்கும் இரண்டு வீலுக்கும் ஒரு பக்கம்தான் பிடிப்பு. நீட்டிய கையில் தண்ணீர்க் குடத்தைத் தொங்கவிட்டது போல, பாரம் முழுக்க ஆக்ஸில் மேல் நிற்கும். கடையில் கிடைக்கும் ஹப்பும் ஆக்ஸிலும் இதற்கு ஆகாது. அதனால் ஹப் இரண்டையும் நானே கடைந்தேன். பழைய லாரி ஆக்ஸில் துண்டு ஒன்றை வெட்டி மூன்று ஆக்ஸில் செய்தேன். வண்டிக்கு இரண்டு, கைவசம் இருக்கட்டும் என்று ஒன்று.

மூன்றையும் உலையில் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினேன். அப்படி முக்கி எடுத்த இரும்பு கெட்டியாகிவிடும். ஆனால் அப்போது அது கண்ணாடி மாதிரி, நல்ல அடி ஒன்று விழுந்தால் முறிந்துவிடும். அதனால் மறுபடி மெதுவாகச் சூடு காட்டுவோம். இரும்பின் மேல் மஞ்சள் ஓடும், ஊதா ஓடும், கடைசியில் நீலம் வரும். நீலம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். இரும்பு பதமாகிவிட்டது என்பதற்கு அந்த நீலம்தான் அடையாளம்.

இரண்டு ஆக்ஸிலுக்கு நீலம் ஏற்றினேன். அதற்குள் கரி தீர்ந்துவிட்டது. மூன்றாவது சும்மா கிடக்கப்போவதுதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து நான் செய்ததுதான் மடத்தனம். செல்வராணி பளபளப்பு கேட்டாரே என்று கையோடு கையாக மூன்றையும் லேத்தில் மாட்டி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கண்ணாடி பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு மினுமினுப்பு. நீலம் போயிற்று, அதோடு அடையாளமும் போயிற்று. பலகையில் வலது பக்கம் இருப்பவை நீலம் ஏறிய இரண்டு என்று எனக்குள் ஒரு நினைப்பு; அவற்றையே வண்டியில் மாட்டினேன். தேய்க்கும்போது எடுத்ததும் வைத்ததும் இடம் மாறியது எனக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் காலை அண்ணன் செல்வராணியைக் கொண்டுவந்து விட்டார். அண்ணனை அப்படியே வேலைக்குப் போகச் சொல்லிவிட்டு அவர் புது வண்டியில் ஏறிக்கொண்டார். பட்டறை முன்னால் ஒரு சுற்று சுற்றினார். டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரும் கையுமாக எழுந்து வந்து வண்டியைப் பார்த்தார்கள். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

“போயிட்டு வரேன் அண்ணே” என்று கிளம்பினார். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

3. பை, அரம், சுத்தியல்

அரை மணி கழித்து உலை மூட்டினேன். மிச்சம் இருந்த ஆக்ஸிலுக்கு இன்றைக்காவது நீலம் ஏற்றிவிடலாம் என்று எடுத்து, பழக்க தோஷத்தில் அதன் நுனியில் ஒரு இழுப்பு அரம் போட்டேன். பதமாகாத இரும்பில் அரம் கிறீச்சென்று வழுக்கும். பதமான இரும்பில் கடிக்கும்.

கடித்தது.

இன்னொரு இழுப்பு இழுத்தேன். அதுவும் கடித்தது. அப்படியானால் என் கையில் இருப்பது பதமான ஆக்ஸில். பதமாகாதது செல்வராணிக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது.

பாயிடம் போனேன்.

“பாய், அந்த வண்டியில ஒரு ஆக்ஸில் பதம் ஏறாம பச்சையா போயிடுச்சு.”

“யா அல்லாஹ்! எந்தப் பக்கம்?”

“தெரியலீங்க.”

பாய் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். “என் சைக்கிள எடுத்துக்கிட்டு ஓடு. புடிச்சு மாத்திடு. நட்டு லூசு, டைட் பண்ணணும்னு சொல்லு. ஆக்ஸில் கதைய மட்டும் வாய வுட்டுடாத. வெளிய தெரிஞ்சா ஒரு பய நம்ம வீல்ல ஏற மாட்டான்.”

நல்ல ஆக்ஸில், அரம், ஸ்பேனர், சுத்தியல், முட்டுக்கொடுக்க ஒரு மரக்கட்டை எல்லாவற்றையும் பையில் அள்ளிப்போட்டுக்கொண்டு மிதித்தேன். வழியெல்லாம் ஒரே காட்சிதான் கண்ணில் ஓடியது. ஆக்ஸில் முறிகிறது, வீல் தனியாக ஓடுகிறது, செல்வராணி ரோட்டில் விழுகிறார், பின்னால் லாரி. வேறு யாராவது என்றால் எழுந்து ஓரமாக ஓடிவிடுவார்கள். அவரால் எழுந்திருக்க முடியாதே என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுகொண்டேதான் மிதித்தேன்.

4. கேட்

செந்துறை ரோட்டு ரயில்வே கேட் மூடியிருந்தது. மாட்டு வண்டிகள், ஒரு டவுன் பஸ், நிறைய சைக்கிள்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், கேட்டை ஒட்டி, பளபளவென்று அந்த வண்டி. ஆள் பத்திரமாக இருக்கிறார் என்று ஒரு நொடி உயிர் வந்தது. அடுத்த நொடி தண்டவாளம் ஞாபகம் வந்தது. அந்தக் கேட்டில் இரும்புக்கும் கல்லுக்கும் நடுவே பள்ளம் பள்ளமாக இருக்கும். சாதாரண சைக்கிள்காரனே இறங்கித் தள்ளுவான்.

சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு, பையோடு வண்டிகளுக்கு நடுவில் ஓடினேன். “செல்வராணி! இருங்க! தாண்டாதீங்க!” என்று கத்தினேன். கூட்ஸ் ரயில் போய்க்கொண்டிருந்தது. என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. கடைசிப் பெட்டி போனதும் கேட்டைத் தூக்கினார்கள். பஸ் டிரைவர் ஹாரனில் கை வைத்தார். பின்னால் பஸ் உறுமுகிறதே என்று செல்வராணி வேகமாகச் சுற்றத் தொடங்கிவிட்டார்.

முதல் இரும்பில் வண்டி குதித்தது. நான் நின்றுவிட்டேன். இரண்டாவது இரும்பில் இடது வீல் இறங்கியது. பிறகு வலது வீல் தடக்கென்று இறங்கி ஏறியது. பஸ் அவருக்கு இரண்டு முழம் பின்னால். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆமாம், கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வண்டி அந்தப் பக்கம் போயிருந்தது.

ஓடிப்போய் ஒரு புளியமரத்தடியில் மறித்தேன்.

“என்ன அண்ணே இப்படி மூச்சு வாங்குது?”

“ஒண்ணுமில்லீங்க. நட்டு கொஞ்சம் லூசு, டைட் பண்ணணும்.” பாய் சொன்னது அப்படியே என் வாயில் வந்தது.

குனிந்து, நட்டுக்கு வெளியே நீட்டியிருந்த இடது ஆக்ஸில் நுனியில் அரம் போட்டேன். கடித்தது. வலது பக்கம் போய்ப் போட்டேன். கிறீச்சென்று வழுக்கியது.

“அந்தப் பக்கம் ஒரு சத்தம், இந்தப் பக்கம் ஒரு சத்தம் கேக்குதே. நட்ட டைட் பண்ண அரம் எதுக்கு?” என்று கேட்டார் செல்வராணி.

கத்தரிக்கோலோடு வாழ்கிறவரிடம் இரும்பைப் பற்றிப் பொய் சொல்லிப் பயனில்லை. சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப நான் ரயில் கேட்ட தாண்டறப்ப…” என்று அவர் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

“ஆமாங்க.”

தூக்கி இறக்கக் கை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, கைகளை ஊன்றித் தானே புழுதியில் இறங்கி உட்கார்ந்தார். மரக்கட்டையை முட்டுக்கொடுத்து ஆக்ஸிலை மாற்றினேன். கழற்றியதைப் பையில் போடப் போனேன்.

“அத இங்க குடுங்க” என்று வாங்கி, புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “பாக்க நல்லாத்தான இருக்கு. இது ஒடையுமா? அடிச்சுக் காட்டுங்க.”

ரோட்டோரம் இருந்த மைல்கல்லின் மேல் பாதி வெளியே நீட்டும்படி வைத்து ஒரே அடி அடித்தேன். சாக்பீஸ் மாதிரி இரண்டாகப் போயிற்று. உடைந்த வாய் சர்க்கரை போல வெள்ளையாக மின்னியது.

செல்வராணி அந்த உடைந்த வாயையே பார்த்தார். “அரம் இப்ப கொண்டாந்தீங்க. காலையில அது எங்க இருந்துச்சு அண்ணே?” என்றார்.

குரலை உயர்த்தவில்லை. அதற்குப் பதிலாக அந்தச் சுத்தியலால் என்னை ஒரு அடி அடித்திருக்கலாம்.

ஒரு துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். “கூட வாங்க. தள்ள வேணாம். பக்கத்துல நடந்து வாங்க, போதும்.” கேட்டில் போட்ட சைக்கிளை எடுத்துவந்து, உருட்டிக்கொண்டே அவர் ஊர் வரைக்கும் நடந்தேன்.

5. இரண்டாவது வண்டி

செல்வராணியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்ததும் பாய் இரண்டு நாள் என் முகத்தில் விழிக்கவில்லை. ஆனால் யாரும் எங்கள் வீலில் ஏற மாட்டேன் என்று சொல்லவில்லை. செல்வராணி அதை வெளியே சொல்லவே இல்லை என்று பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து என் வேலையில் முதலில் அரம், பிறகுதான் உப்புத்தாள். சோதித்த ஆக்ஸிலில் உளியால் ஒரு புள்ளி குத்தாமல் அது என் கையை விட்டுப் போனதில்லை. பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் இதுதான்: வாடிக்கையாளர் கண்ணுக்காக இரும்பின் அடையாளத்தை அழிக்காதீர்கள். பயமாக இருந்தால் நல்லது. பயம் வராத நாளில்தான் நான் அந்த ஆக்ஸிலை மாட்டினேன்.

ஏழெட்டு வருஷம் கழித்து, வண்டி தேய்ந்துபோய், செல்வராணி புதிதாக ஒன்று செய்யச் சொல்லி வந்தார். அதற்குள் சொந்தமாகத் தையல் கடை வைத்திருந்தார். வந்ததும் பையிலிருந்து அந்த உடைந்த துண்டை எடுத்து என் பலகையில் வைத்தார். துணி வெட்டும்போது பறக்காமல் இருக்க அதைத்தான் வைப்பாராம், அதனால் இன்னும் பளபளவென்றே இருந்தது.

நான் அதைப் பார்க்காமல், “பளபளன்னு வேணுமா?” என்று கேட்டேன்.

“வேணாம் அண்ணே. யாரு என் கால வேணா பாத்துட்டுப் போவட்டும். ஆக்ஸில் நீலமாவே இருக்கட்டும்.”

அவர் பார்த்துக்கொண்டிருக்க, முதலில் அரத்தை எடுத்தேன்.