ஏழு பொரிகள்

ஸ்பீக்கர்ப் பெட்டியின் தலையில் ஏழு அரிசிப் பொரிகளை வரிசையாக வைத்த பிறகுதான் யேசுதாஸ் தம் டபிள் பேஸைத் தோளில் சாய்க்கிறார். ஆளுயர வாத்தியம். கம்பிகளைத் தாங்கும் கட்டையில் பழைய டெலிபோன் ஒன்றின் காதுக்குமிழை மைக்காகத் துணி சுற்றிச் செருகியிருக்கிறார். அதிலிருந்து புறப்படும் ஒயர் தாமஸின் கிடார் ஆம்ப்ளிபயரில் முடிகிறது.

கிடாருக்கென்றே செய்த பெட்டி அது. பேஸின் அடிக்குரலை அழுத்திக் கொடுத்தால் உள்ளிருக்கும் ஸ்பீக்கர்க் காகிதம் கிழிந்துவிடும். ராயபுரத்துக் கலியாணங்களில் கிடார் வாசித்துப் பிழைக்கும் தாமஸுக்கு வேறு பெட்டி இல்லை. கப்பல்காரர் ஒருவரிடம் வாங்கிய அதற்கு மாற்றுக் காகிதமும் இங்கே கிடைப்பதில்லை.

"பொரி குதிக்கலாம் நைனா, கீய வுயக் கூடாது. வுயுந்தா பேப்பரு பூடும்" என்பது யேசுதாஸ் கண்ட அளவு. வாசிப்பு முடிந்ததும் ஏழையும் அவரே தின்றுவிடுவார்.

பகலில் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வின்ச் ஓட்டுகிறார். கண்ணாடிச் சரக்கைக் கப்பலின் அடித்தளத்தில் ஓசையின்றி இறக்கும் கை. இறக்கு என்பதற்கு அங்கே 'ஆரியா' என்பார்கள். பேஸ் சற்று ஓங்கினால் தாமஸ் கூவுவதும் அதுதான்: "ஆரியா மாமு, ஆரியா!"

சென்ற தை மாதம் யேசுதாஸின் மகள் ரோஸ்மேரிக்குக் கலியாண விருந்து. மனைவி ஞானபாக்கியம் வேண்டுமென்றே கடைசி வரிசையில் போய் அமர்ந்தார்.

"இருவது வர்சமா அத்தக் கட்டிப் புட்ச்சிகினு நிக்கிற. ஒரு நாளாவது எனுக்குக் கேட்டுக்கீதா? இன்னிக்கு உம் பொண்ணு கண்ணாலம்யா!"

முதல் இரண்டு பாட்டுகளுக்கும் அவர் அங்கிருந்தே உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவதில் யேசுதாஸ் விரல் நுனியை விட்டு விரலின் பக்கவாட்டுச் சதையால் கம்பியைத் தொட்டார். ஒவ்வொரு ஒலியையும் சரக்கைப்போல் இறக்கினார். பொரி விளிம்பை நெருங்கிய கணத்தில் உள்ளங்கையால் கம்பியை அணைத்தார். நாற்காலிக் கால்களின் வழியே அதிர்வு முதலில் ஏறியது. காது பிறகே அறிந்தது. மேசைமீது தம்ளர்கள் முனகின. ஏழு பொரிகளும் விளிம்புவரை நடந்து சென்று நின்றன. ஒன்றுகூட விழவில்லை.

"கேக்குதுயா!" ஞானபாக்கியம் எழுந்தே விட்டார். "இன்னும் கொஞ்சம் ஏத்துயா!"

கூடம் சிரித்தது. யேசுதாஸ் முடியாதென்று தலையசைத்துத் தாமஸைப் பார்த்தார்.

மாலை முழுவதும் பெட்டியின் ஒலியளவுத் திருகை ஒருவரையும் தொடவிடாத தாமஸ், கிடாரைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியருகே வந்தார். ஏழு பொரிகளையும் ஒற்றை விரலால் நடுவுக்குத் தள்ளினார். பிறகு, திருகைத் தாமே ஒரு புள்ளி ஏற்றினார்.