ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒரு தபால் கார்டு

14-6-1995 – 15 காசு
15-6-1995 – 15 காசு
16-6-1995 – 15 காசு
19-6-1995 – 15 காசு
28-6-1995 – 1 ரூபாய்
ஆக மொத்தம் – 1 ரூபாய் 60 காசு

ஐந்து கடிதங்கள் வந்து சேர்ந்த நாள்களும் அவற்றுக்கு ஆன தபால் செலவும் இவை. ஐந்தும் ஒரே வரிசையில் ஒட்டிக்கொண்டு நிற்கும் எட்டு வீடுகளுக்குள் எழுதிக்கொண்டவை. ஒன்றாம் நம்பர் வீட்டுக்கும் இரண்டாம் நம்பர் வீட்டுக்கும் இடையில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒன்றுதான். இங்கே மிளகாய் தாளித்தால் அங்கே தும்முவார்கள். ஆனால் ஒரு கடிதம் அந்தச் சுவரைத் தாண்ட வேண்டுமானால், முனையில் இருக்கும் சிவப்புப் பெட்டியில் விழுந்து, மாலை நாலரைக்குப் பையில் ஏறி, ரயில் நிலையத்துப் பக்கம் போய்ப் பிரிபட்டு, மறுபடி இதே கவுண்டம்பாளையத்துக்குத் திரும்பி, மூன்றாம் நாள் பகல் பதினொரு மணிக்குத் தபால்காரர் காளிச்சாமியின் சைக்கிளில் வந்து இறங்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் ஒன்றாம் நம்பர் பாலுசாமி, எட்டு வீட்டுச் சங்கத்தின் செயலாளர். அன்னூர்ப் பக்கத்துக்காரர். 1957-இல் ஒரு மில்லில் சேர்ந்து, முப்பத்தொரு வருஷம் தறிகளுக்கு நடுவில் நின்று, எந்தத் தறி எத்தனை மீட்டர் ஓடியது என்று எழுதியவர். முந்நூறு தறிகள் ஒரே கூரைக்குக் கீழே அடித்துக்கொண்டிருந்த இடம் அது. ஓய்வு பெற்ற அன்று மில் அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரமும் ஒரு சால்வையும் கொடுத்தது. காது இரண்டையும் தன்னிடமே வைத்துக்கொண்டது.

முழுச் செவிடு என்று சொல்ல முடியாது. எதிரில் நின்று உரக்கப் பேசினால் பாதி விழும், மீதியை உதட்டைப் பார்த்து நிரப்பிக்கொள்வார். பின்னாலிருந்து கூப்பிட்டால் ஒன்றும் விழாது. இது தன் மனைவி முத்தாத்தாளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. தெரிந்துவிட்டால் செயலாளர் பொறுப்பு போய்விடும் என்பது அதைவிட உறுதியான பயம். கூட்டத்தில் நாலு பேர் பேசுவதைக் கேட்டு எழுத வேண்டிய ஆளுக்குக் காதே கேட்காது என்றால் யார் வைத்துக்கொள்வார்கள்?

அந்தப் பொறுப்பு அவருக்குச் சின்ன விஷயம் இல்லை. ஓய்வுக்குப் பின் ஐந்து வருஷம் அவர் பால்காரர் வந்த நேரத்தையும் மழை பெய்த நாள்களையும் எழுதிக்கொண்டு காலம் தள்ளினார். அந்த நோட்டுகளை ஒரு மனிதர்கூடக் கேட்டுப் பார்த்ததில்லை. 1993 செப்டம்பரில் சங்கம் தொடங்கியபோது, வீட்டில் கோடு போட்ட நோட்டு வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான் என்ற காரணத்துக்காக அவரைச் செயலாளர் ஆக்கினார்கள். அன்றைக்கு அவர் நடையே மாறியது. ஒரே வாரத்தில் பதினான்கு விதிகளை எழுதி, உருட்டச்சில் எட்டுப் பிரதி எடுத்து, வீட்டுக்கு ஒன்று கொடுத்தார்.

அவற்றில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று. மூன்றாவது விதி: எட்டு வீட்டுக்கும் பொதுவான மோட்டாரை ஒவ்வொரு வீட்டாரும் வாரம் மாறிப் போட வேண்டும், முறைக்காரரைத் தவிர வேறு யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது. பன்னிரண்டாவது விதி: ஒருவருடைய வாரத்தில் மூன்று முறை தொட்டி நிரம்பி வழிந்தால் அவருடைய முறை பறிபோகும், பொறுப்பில் உள்ளவரானால் பொறுப்பும் போகும். பதினோராவது விதிதான் அவருடைய தலைப்பிள்ளை. புகார்களை நேரில் சொல்லக் கூடாது, கையில் கொடுக்கவும் கூடாது, தபாலில்தான் அனுப்ப வேண்டும். முத்திரை விழுந்தால் தேதியில் தகராறு வராது என்று அவர் காரணம் சொன்னார். உண்மையான காரணம் உங்களுக்குத் தெரியும். வாசலில் வந்து நிற்கிறவர்கள் பேசுவார்கள், தபால் கார்டு பேசாது.

அதே விதியின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி உண்டு. புகார் கைக்குக் கிடைக்கும் முன் நடந்தவை எத்தனையானாலும் ஒரே குற்றமாகவே கணக்கில் ஏறும். அந்த வரியால் முதலில் பிழைத்தவர் இரண்டாம் நம்பர் நாச்சியம்மாள். அவிநாசிப் பக்கம் தோட்டம் துரவோடு இருந்துவிட்டு வந்த அம்மாள், வாய் கொஞ்சம் நீளம். 1994 நவம்பரில் மோட்டார் ஓடும் நேரத்தில் மூன்று நாள் கிரைண்டரைப் போட்டு எட்டு வீட்டுக்கும் வோல்டேஜை இறக்கினார். செயலாளர் எழுதிய கார்டு வந்தபோது காளிச்சாமி வாசலிலிருந்தே அறிவித்தார்.

"அம்மணி, உங்களுக்கு வசவு ஒண்ணு வந்திருக்குதுங்க. கிரைண்டர் போட்டதுக்குங்க. நீங்க கண்ணாடி தேட வேண்டாம், நான் படிச்சுப்போட்டேன்."

நாச்சியம்மாள் சின்ன எழுத்தைக் காட்டி, மூன்றையும் ஒன்றாக்கிக்கொண்டார். அன்றிலிருந்து விதிப் பிரதியை அரிசி டப்பாவுக்கு மேலே வைத்திருந்தார்.

கூட்டங்களில் பாலுசாமிக்குத் துணை முத்தாத்தாள். எதிர்வரிசையில் உட்கார்ந்துகொள்வார். காதுத் தோட்டைத் தொட்டால் ஆமாம், மூக்கைத் தொட்டால் இல்லை, வளையலைத் தள்ளினால் 'எழுத்துல குடுங்க' என்று அர்த்தம். இருபது மாதத்தில் ஒரு கூட்டமும் தவறவில்லை. ஒருமுறை முத்தாத்தாளுக்குச் சளி பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்ததில், வாசல் விளக்கு போடும் தீர்மானம் தோற்றது. அவ்வளவுதான்.

மோட்டார் வாரத்திலும் அவர்தான் காது. தொட்டி நிரம்பும் சத்தம் கேட்டதும் வந்து கணவரின் தோளைத் தொடுவார், பாலுசாமி கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதிவிட்டு நிறுத்துவார்.

1995 ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை, தங்கைக்குக் கண் ஆபரேஷன் என்று முத்தாத்தாள் காரமடைக்குப் போனார். மறுநாள் காலை ஒன்றாம் நம்பரின் மோட்டார் வாரம் தொடங்குகிறது. பாலுசாமி கலங்கவில்லை. அறுநூற்றுப் பத்தொன்பது நாள்களின் மோட்டார் நோட்டு அவரிடம் இருந்தது. கூட்டி வகுத்துப் பார்த்தார். தொட்டி நிரம்ப நாற்பத்திரண்டு நிமிஷம். காது எதற்கு?

நோட்டில் இல்லாதது ஒன்று உண்டு. நாலாம் நம்பரும் ஐந்தாம் நம்பரும் அண்ணன் தம்பி வீடுகள். இரண்டு குடும்பமும் அந்த வாரம் கல்யாணத்துக்கு ஈரோடு போயிருந்தன. ஒன்பது பேர் குளிக்காத தண்ணீர் தொட்டியில் அப்படியே நின்றது.

திங்கட்கிழமை ஐந்தே முக்காலுக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு, பேப்பரை விரித்தார். இருபதாவது நிமிஷம் தொட்டி நிரம்பியது. வழிந்த தண்ணீர் அவருடைய முதுகுக்குப் பின்னால், இரண்டு வீட்டுக்கும் பொதுவான துவைகல்லின்மேல், அருவி மாதிரி கொட்டியது. நாச்சியம்மாள் பின்பக்கத்திலிருந்து கூப்பிட்டார்.

"ஏனுங்க, தண்ணி ரொம்பி ஊத்துதுங்க."

பாலுசாமி பக்கத்தைத் திருப்பினார். நாச்சியம்மாள் இன்னொரு தரம் கூப்பிட வாயெடுத்து, என்ன நினைத்தாரோ, நிறுத்திக்கொண்டார். சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தார். அவருடைய உதடு அசைவதைக் கண்டதும் பாலுசாமி எழுந்து நின்று, மரியாதையாகச் சிரித்தார்.

"புகாருங்களா? எழுத்துல குடுத்துருங்க அம்மணி. பதினோராவது விதிங்க."

"அப்படியே ஆகட்டுங்க," என்று நாச்சியம்மாள் போய்விட்டார். அன்று மாலை நாலேகாலுக்கு ஒரு கார்டு பெட்டியில் விழுந்தது. செவ்வாய்க்கிழமையும் இருபத்திரண்டு நிமிஷம் தண்ணீர் கொட்டியது. இன்னொரு கார்டு. புதன்கிழமை காலையும் அதேதான். துவைகல்லை ஒட்டிய முருங்கைக் கன்று மூன்றே நாளில் ஒரு சாண் வளர்ந்தது என்று நாச்சியம்மாள் பின்னாளில் சொல்வார். அது கொஞ்சம் கூடுதல். அளந்தவர்கள் கணக்கில் நாலு விரல்கடை.

முதல் கார்டு புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு வந்தது. அதில் இரண்டே வரி. இன்றைக்குக் காலை தண்ணீர் இருபத்திரண்டு நிமிஷம் வழிந்தது, கூப்பிட்டுப் பார்த்தும் தாங்கள் திரும்பவில்லை. பாலுசாமி அதை நாலு தரம் படித்தார். தண்ணீரைவிட இரண்டாவது வரிதான் அவரை உட்கார வைத்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தார். துவைகல் மூன்று நாள் ஈரத்தில் பாசி பிடிக்கத் தொடங்கியிருந்தது. நோட்டை எடுத்து, தன் பெயருக்கு நேராக மூன்று கோடு போட்டார்.

வியாழன் முதல் ஞாயிறு வரை அவர் நாற்காலியில் உட்காரவில்லை. அறுபத்து மூன்று வயதில் இரும்பு ஏணி ஏறி, தொட்டிக்குப் பக்கத்தில் குடை பிடித்து உட்கார்ந்து, தண்ணீரைக் கண்ணால் பார்த்து, இறங்கி வந்து நிறுத்தினார். சோளக்காட்டில் குருவி விரட்ட ஆள் போட்ட மாதிரி இருக்கிறது என்றார் நாச்சியம்மாள், அவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில்.

முத்தாத்தாள் வெள்ளிக்கிழமை திரும்பி வந்தபோது மூன்று கார்டும் மேசைமேல் வரிசையாக இருந்தன. நாலாவதைப் பாலுசாமி எழுதிக்கொண்டிருந்தார். பொருளாளருக்கு ராஜினாமா.

"காது கேக்கலீன்னு எழுதிப்போட்டா என்னங்க கொறஞ்சு போகுது?" என்று முத்தாத்தாள் அவர் எதிரில் வந்து கேட்டார்.

"பன்னெண்டாவது விதியில காதைப் பத்தி ஒண்ணுமில்ல."

"சின்ன எழுத்துல ஒண்ணு போட்டீங்களே, அது?"

"அது மத்தவங்களுக்கு. எழுதுனவனே அதுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கறதா?"

பொருளாளர் ஆறாம் நம்பர் சிக்கந்தர். காந்திபுரத்தில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருந்தார். ராஜினாமா 19-ஆம் தேதி அவர் கைக்குப் போனது. அதற்குள் காளிச்சாமி இரண்டு முதல் ஐந்து வரை எல்லா வீட்டிலும் அதைச் சொல்லிவிட்டிருந்தார்.

25-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, சிக்கந்தர் வீட்டு முன்பக்கம் கூட்டம். கடைசிக் கூட்டத்தின் குறிப்பையும் தானே எழுதிவிட்டுப் போகலாம் என்று பாலுசாமி நோட்டோடு வந்தார். முத்தாத்தாள் வழக்கம்போல் எதிரில் உட்கார்ந்தார். கடைக்காரருக்கே உரிய தணிந்த குரலில் சிக்கந்தர் ஏதோ நீளமாகச் சொல்லி, கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். கேள்வி என்று புருவத்திலிருந்து தெரிந்தது. பாலுசாமி மனைவியைப் பார்த்தார்.

முத்தாத்தாள் கையைத் தூக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார், அடக்கிய சிரிப்பில் தோள் குலுங்கியது. என்ன ஆயிற்று என்று பாலுசாமி சுற்றிப் பார்த்தார். சிக்கந்தர், அவர் மனைவி மெஹராஜ், அண்ணன் தம்பி இருவர், நாச்சியம்மாள், எல்லோரும் தலையைத் திருப்பி முத்தாத்தாளின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரைப் போலவே, பதிலுக்காக.

"தோடா மூக்கா, சீக்கரம் சொல்லிப்போடு முத்தாத்தா," என்றார் நாச்சியம்மாள். "பால் அடுப்புல இருக்குது."

இது பாலுசாமிக்குக் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. இருபது மாதமாக எட்டு வீட்டுக்கும் தெரிந்த ரகசியத்தைத் தான் ஒருவர் மட்டும் காத்து வந்திருக்கிறோம் என்பது அந்த நேரத்தில் விளங்கிவிட்டது. வெட்கத்தில் அவர் காதுமடல் சிவந்தது. நோட்டை மூடி, பேனாவை அதற்குள் வைத்து, சிக்கந்தர் மடியில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். முத்தாத்தாள் பின்னாலேயே போனார். அதற்குப் பிறகு கூட்டம் ஒரு மணி நேரம் நடந்தது. குறிப்பு எழுத ஆள் இல்லாததால் என்ன பேசினார்கள் என்பதற்குப் பதிவு இல்லை.

திங்களும் செவ்வாயும் பாலுசாமி வாசலுக்கு வரவில்லை. புதன்கிழமை காளிச்சாமி மணியடித்தது முத்தாத்தாளுக்குக் கேட்டு, அவர் தள்ளித்தான் கணவரை வாசலுக்கு அனுப்பினார். இந்தத் தடவை கார்டு இல்லை. ஒரு ரூபாய்த் தபால்தலை ஒட்டிய உறை, நாலு பக்கமும் பசை போட்டு இறுக்கியது. அனுப்பியவர்: நாச்சியம்மாள், கதவு எண் 2.

பாலுசாமி அங்கேயே நின்று பிரித்தார்.

"செகரட்டரி அவர்களுக்கு. உங்க ராஜினாமாவைக் கூட்டம் ஏத்துக்கலீங்க. மொதக் கார்டு உங்க கைக்கு வந்தது புதன்கிழமை பதினோரு மணிக்கு. மூணு தடவையும் தண்ணி ஊத்துனது அதுக்கு முன்னாடி. பதினோராவது விதி சின்ன எழுத்துப்படி அது மூணு இல்ல, ஒண்ணு. என்ற கிரைண்டருக்கு ஒரு சட்டம், உங்க தொட்டிக்கு ஒரு சட்டமா? இனிமேப்பட்டு தொட்டியில மெதவை போட்டு, ரொம்புனா எரியற மாதிரி எட்டு வாசல்லயும் சேப்பு பல்பு போடறாருங்க சிக்கந்தர். உங்களுக்காகன்னு நெனைக்காதீங்க, கிரைண்டர் ஓடறப்ப எங்களுக்கும் ஒண்ணும் கேக்கறதில்ல. கூட்டத்துல இனி உங்களுக்கு நேரா நின்னு நானே சொல்றேன். வீதிக்கே கேக்கறாப்புல பேச எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. நோட்டு ஆறாம் நம்பர்ல இருக்குது, வந்து வாங்கிக்கோங்க. நாப்பத்திரண்டு நிமிசம்ங்கறது தப்புக் கணக்கு, அதையும் திருத்திப்போடுங்க. இது காளிச்சாமி படிக்கக் கூடாதுன்னுதான் ஒரு ரூபா செலவு."

பாலுசாமி மனத்துக்குள் கணக்கைச் சரிபார்த்தார். புதன், பதினொரு மணி, முன்னால் மூன்று, ஆகவே ஒன்று. பிழை இல்லை. சுவரின் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். நாச்சியம்மாள் தன் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், கீரையைத் தவிர உலகத்தில் வேறு ஒன்றும் இல்லாத மாதிரி.

காளிச்சாமி இன்னும் போகவில்லை. படிக்க முடியாத கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்த வருத்தம் அவருக்கு. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். எழுத்துல குடுங்க என்ற சொல் பாலுசாமியின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"சித்த சத்தமாச் சொல்லுங்க காளிச்சாமி," என்றார். "எனக்குக் காது மந்தமுங்க."

பிறகு உள்ளே போய்க் கடிதப் பதிவேட்டை எடுத்து, கடைசி வரியை எழுதினார். உறை ஒன்று, ஒரு ரூபாய், இரண்டாம் நம்பரிலிருந்து. வந்து சேர்ந்த நாள்: 28-6-1995, புதன்கிழமை, பகல் 11 மணி 10 நிமிஷம்.