அம்மன் பாட்டுக்குச் சிவப்பு லைட்

என் கையெழுத்து கோணல். எழுத்துப் பிழைகளும் இருக்கும். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கேபிள் பெட்டிகளின் மேல் ஒட்டுகிற சீட்டுகள்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லிவிடலாமே என்று கேட்கலாம். நாலு பேர் கூடிவிட்டால் எனக்குப் பேச்சு வராது. மேடைக்குப் பக்கத்தில், லைட் போர்டுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் நிற்கிற வேலை எனக்குப் பிடித்துப்போனதும் அதனால்தான்.

இப்போது ரவாங்கில் ஒரு கடையில் இருக்கிறேன். சவுண்ட், லைட் சாமான்களை வாடகைக்கு விடுகிற கடை. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “அங்கிள், சாமி பாட்டுல யாராவது விழுந்தா ஒடனே வெள்ள லைட்ட போட்டு ஏன் ஷோவக் கெடுக்கிறீங்க?” சிரித்துவிட்டுப் போய்விடுவேன். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இது.

1. லோரி புதைந்த நாள்

எனக்கும் என் கூட்டாளி சேகருக்கும் அப்போது இருபது வயது இருக்கும். ஈஜோக் பக்கம் ஒரே தோட்டம், ஒரே லயத்து வரிசையில் வீடு. அவன் செம்பனைக் குலை வெட்டினான். நான் பின்னாலேயே போய் உதிர்ந்த பழம் பொறுக்கினேன். அவனுக்குத் தாய் தகப்பன் இல்லை. அக்கா மல்லிகாதான் மருந்தடிக்கிற வேலைக்குப் போய் அவனை வளர்த்தார்.

திருவிழா மாதங்களில் சனிக்கிழமையானால் ஏதாவது ஒரு தோட்டத்தில் ஆர்கெஸ்ட்ரா இருக்கும். ஒரு வாரம் பத்தாங் பெர்ஜுந்தை, அடுத்த வாரம் தஞ்சோங் காராங். சேகரின் மோட்டாரில் முன் லைட் எரியாது. நான் பின்னால் உட்கார்ந்து அவன் தோளுக்கு மேலே டார்ச்சைப் பிடிப்பேன். அப்படியே செம்பனைக் காட்டு வழியாகப் போவோம். தூரத்தில் டிரம் சத்தம் கேட்டதும் மோட்டார் தானாக வேகம் எடுக்கும். திடலில் போய் இறங்கி, பெரிய ஸ்பீக்கர் பாக்ஸுக்கு முன்னால் நின்றால், முதல் அடி வயிற்றில் விழும். நாள் முழுக்க முள் குத்திய கையும் வலித்த முதுகும் அந்த அடியோடு மறந்துபோகும். சேகர் ஆடுவான். நான் அவன் செருப்பைக் காவல் காத்துக்கொண்டு பார்ப்பேன். நான் பேசாததால் அவன் எனக்கு வைத்த பெயர் ஊமையன்.

ஒரு நாள் எங்கள் தோட்டத்துச் செம்மண் சாலையில் இசைக்குழுவின் லோரி புதைந்துவிட்டது. கீபோர்டு வாசிக்கிற பாலு மாஸ்டர்தான் குழுத் தலைவர். வெள்ளைக் கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டுச் சேற்றில் நின்றார்.

“தம்பிங்களா, வந்து கொஞ்சம் தள்ளுங்கலா!”

“தள்ளுனா முன்னாடி எடம் குடுப்பீங்களா மாஸ்டர்?” என்றான் சேகர்.

“மேடையிலயே எடம் தரேன். மொதல்ல தள்ளுடா.”

தள்ளினோம். அன்று மாலை சாமான் இறக்கியதும் நாங்கள்தான். ஷோ முடிந்ததும் மாஸ்டர் இரண்டு பேரையும் வேலைக்குக் கூப்பிட்டார். சேகர் ஸ்பீக்கர் பாக்ஸைக் காலால் தட்டிக் காட்டினான். “இதத் தூக்கிட்டு எப்படி மாஸ்டர் ஆடுறது? இவனக் கூட்டிட்டுப் போங்க. இவன் வாயத் தெறக்க மாட்டான், வேல ஓடும்.”

அப்படித்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். சேகர் திடலிலேயே இருந்தான்.

2. சண்டைக்கு ஒரு பாட்டு

லைட் போர்டு என்றால் இப்போது இருப்பதுபோலக் கம்ப்யூட்டர் இல்லை. ஒரு பலகை, அதில் வரிசையாக வீட்டு சுவிட்ச். நிறத்துக்கு ஒன்று. லைட்டின் முன்னால் கலர் பேப்பரைக் கிளிப் போட்டு மாட்டியிருப்போம். தாளத்தைக் கேட்டு, ஆடுகிறவர்களின் காலைப் பார்த்து, சுவிட்சைத் தட்ட வேண்டும். பலகையின் ஓரத்தில் பெரிய சுவிட்ச் ஒன்று தனியாக இருக்கும். அது திடல் முழுக்க வெளிச்சம் அடிக்கிற வெள்ளை ஸ்போட்லைட்டுக்கு. ஷோ முடிந்து சாமான் அள்ளும்போது மட்டும்தான் அதைப் போடுவோம். வெள்ளை எரிந்தால் ஜனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

பாலு மாஸ்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தவற்றில் முக்கியமானது, சண்டை வந்தால் என்ன செய்வது என்பதுதான். தோட்டத்து ஷோக்களில் சண்டை வராத நாள் குறைவு. போலீஸ் ஸ்டேஷன் தூரம். மைக்கில் கத்தினால் சண்டை இன்னும் பெரிதாகும். மாஸ்டர் ஒரு விரலை மட்டும் தூக்குவார். ஓடிக்கொண்டிருக்கிற சினிமாப் பாட்டு பாதியில் நிற்கும். உறுமி மேளம் எழும்பும். பாடகர் அம்மன் பாட்டை எடுப்பார். நான் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுச் சிவப்பை மட்டும் போட வேண்டும்.

“அம்மன் பாட்டுன்னா செவப்பு. வேற கலரே வேணாம். பாக்கிறவனுக்குப் புல்லரிக்கணும்” என்பார் மாஸ்டர்.

அது பலித்தது. பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு தோட்டத்தில் ஒருவன் இரும்பு நாற்காலியை இன்னொருவன் மண்டைக்கு மேல் ஓங்கிவிட்டான். விரல் எழும்பியது, உறுமி அடித்தது. ஓங்கியவன் அப்படியே நின்றான். நாற்காலியை மெதுவாகக் கீழே வைத்தான். செருப்பைக் கழற்றினான். கும்பிட்டான். அடி வாங்க இருந்தவனும் அவன் பக்கத்திலேயே நின்று கும்பிட்டான்.

வீடு திரும்பும் வழியெல்லாம் சேகர் அதையே செய்து காட்டினான். “டேய் ஊமையா, ஆத்தா ஒக்கார நாற்காலி போட்டாண்டா அவன்!”

சேகருக்குச் சாமி வராது. எத்தனையோ தீமிதியில் பக்கத்தில் நின்றிருக்கிறான், ஒரு தடவைகூட வந்ததில்லை. “ஆத்தாவுக்குத் தெரியும்லா, என் ஒடம்புல எடம் பத்தாதுன்னு” என்பான்.

3. சேகரின் கால்

அடுத்த வருடம் எங்கள் தோட்டத்துத் திருவிழா. சொந்தத் தோட்டத்தில் நான் லைட் போடுவது அதுதான் முதல் தடவை. அக்கா தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு சேகர் போர்டு பக்கம் வந்தான். “நான் ஆடும்போது நீலத்த போடு. நீலத்துலதான் நான் அழகு.” போட்டேன்.

ஷோ பாதி ஓடியிருக்கும். ஐஸ் தண்ணி விற்கிற இடத்தில் சத்தம் வந்தது. வேறு தோட்டத்துப் பையன்களும் எங்கள் பையன்களும். காலை மிதித்துவிட்டான் என்பதுதான் காரணம் என்று பிறகு சொன்னார்கள். சேகர் இரண்டு கையையும் தூக்கிச் சிரித்துக்கொண்டே நடுவில் புகுந்ததைப் பார்த்தேன். “டேய் டேய், பாட்டு போயிருச்சுடா, அப்பறமா அடிச்சுக்குங்க” என்று சொல்லியிருப்பான். அவன் அப்படித்தான் சொல்வான்.

மாஸ்டரின் விரல் எழும்பியது. உறுமி. நான் சிவப்பைப் போட்டேன்.

வழக்கம்போலச் சண்டை நின்றது. கைகள் குவிந்தன. இரண்டு மூன்று பெண்களுக்குச் சாமி வந்தது. அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு சேகர் வந்தான். வயிற்றைப் பிடித்திருந்தான். தள்ளாடி மேடைக்கு முன்னால் மண்டியிட்டான்.

“ஏய், சேகருக்குச் சாமி வந்திருச்சுடா!”

யாரோ ஒரு துண்டை அவன் இடுப்பில் சுற்றிப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தார். சாமி வந்தவர் விழாமல் இருக்க அப்படித்தான் பிடிப்பார்கள். பூசாரி நெற்றி நிறையத் திருநீறு பூசினார்.

“வந்திருக்கிறது யாரு? பேரச் சொல்லு தாயி!”

“தண்ணி…”

“ஆத்தா தண்ணி கேக்குறா! மஞ்சத் தண்ணி கொண்டாங்கடி!”

பெண்கள் குடம் குடமாக அவன் தலையில் ஊற்றினார்கள். நனைந்த கறுப்புச் சட்டை, மேலே சிவப்பு லைட். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

மல்லிகா அக்கா ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டார். “தாயே, எந்தம்பி ஒரு வேலையிலயும் நெலைக்க மாட்டேங்கிறான். அவனுக்கு நல்ல புத்தியக் குடு. அவன நல்லா வச்சிரு தாயே.”

சேகர் குனிந்து அக்காவின் தலையில் கை வைத்தான். ஆசீர்வாதம் என்று கூட்டம் குலவை போட்டது. அவன் உதடு அசைந்தது. என்ன சொன்னான் என்பது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அவர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவனைத் தூக்கி நிறுத்தினார்கள். நான் வழக்கப்படி காலைப் பார்த்தேன். சாமி வந்தவர் கண் தெரியாமல் ஆடினாலும் கால் உறுமியை விட்டு விலகாது. எத்தனையோ ஷோவில் பார்த்திருக்கிறேன். சேகரின் கால் உறுமியோடு இல்லை. எந்தத் தாளத்திலும் இல்லை. மண்ணில் இழுபட்டது.

“மாஸ்டர்!” என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பெரிய சுவிட்சைத் தட்டினேன்.

திடல் முழுக்க வெள்ளை. கூட்டம் ‘ஊ’ என்று கத்தியது. மாஸ்டர் மைக்கிலேயே திட்டினார். “டேய் ஊமையா, பைத்தியமா ஒனக்கு? யாருடா அதப் போடச் சொன்னா?”

முதலில் நின்றது உறுமி. அடித்துக்கொண்டிருந்தவர் மேடை ஓரத்தில் நின்றார். கீழே தேங்கியிருந்த மஞ்சள் தண்ணீர் அவர் கண்ணில்தான் முதலில் பட்டது. அது மஞ்சளாக இல்லை. அடுத்துப் பார்த்தது மல்லிகா அக்கா, தன் இரண்டு உள்ளங்கைகளையும்.

4. பாலம்

லோரியிலிருந்த பெட்டிகளைக் கீழே உருட்டிவிட்டுச் சேகரைப் படுக்கவைத்தோம். தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரிக்கு மாஸ்டரே ஓட்டினார். நாங்கள் லோரியைத் தள்ளிவிட்ட அதே செம்மண் சாலை. குழிக்குக் குழி சேகர் முனகினான். அக்கா சேலைத் தலைப்பைச் சுருட்டிக் காயத்தில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தார்.

தார் ரோடு வந்ததும் சேகர் கண் திறந்தான்.

“டேய் ஊமையா. ஷோ முடிஞ்சிருச்சா?”

“இல்லடா. இன்னும் இருக்கு.”

“அப்பறம் ஏண்டா வெள்ளயப் போட்ட?”

அதற்குப் பிறகு பேசிக்கொண்டே வந்தேன். அவ்வளவு பேச்சு நான் பேசியதே இல்லை. அடுத்த வாரம் எங்கே ஷோ, எந்தப் பாட்டுக்கு என்ன லைட், எல்லாம் சொன்னேன். கோலசிலாங்கூர் பாலத்தில் லோரி ஏறியது. பக்கத்து மீனவர் கிராமமான பாசிர் பெனம்பாங்கின் மீன் வாடை காற்றில் வந்தது.

“மீன் நாத்தம் அடிக்குது பாரு. பாலம் வந்துருச்சு. இன்னும் கொஞ்ச தூரம்தாண்டா.”

“யாருகிட்டடா சொல்ற?” என்றார் அக்கா.

அவர் கை இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருந்தது.

குத்திக் கொன்றவனைப் பிறகு போலீஸ் பிடித்தது. சேகருக்கும் அவனுக்கும் முன்பின் பழக்கமே இல்லை.

5. மறுபடியும் சண்டை

பாலு மாஸ்டர் கொஞ்ச நாள் கீபோர்டைத் தொடவில்லை. பிறகு வயிற்றுப் பிழைப்புக்காக வந்தார். அடுத்த சண்டையில் அவர் விரல் மறுபடியும் எழும்பியதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். “வேற என்னடா தெரியும் எனக்கு? அடிச்சிக்கிட்டுச் சாவட்டும்னு விடவா? நீ வெள்ளயப் போடு.” போட்டேன். அன்றிலிருந்து அதுதான் என் பழக்கம்.

புதியவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான். பாட்டு நிற்க வேண்டியதில்லை. யாராவது விழுந்தால் முதலில் வெள்ளை. கூட்டம் கத்தட்டும், ஏற்பாட்டாளர் திட்டட்டும். விழுந்தவரின் உடம்பை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு கலரைப் போடுங்கள்.

எங்கள் தோட்டம் இப்போது இல்லை. மாடி வீடுகள் வந்துவிட்டன. கோயில் மட்டும் கால்வாய் ஓரத்துத் துண்டு நிலத்தில் இருக்கிறது. வருடா வருடம் திருவிழாவுக்கு எங்கள் கடையிலிருந்துதான் சவுண்டும் லைட்டும் போகும். மல்லிகா அக்கா தவறாமல் வருவார். ஆர்கெஸ்ட்ரா பார்க்க மாட்டார். லைட் போர்டு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

அம்மன் பாட்டு வரும். யாருக்காவது சாமி வரும். நான் வெள்ளையைப் போடுவேன். அக்கா எழுந்து போவார். சாமி வந்தவரின் வயிற்றை, விலாவை, முதுகை, உள்ளங்கையால் மெதுவாகத் தடவுவார். கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்ப்பார். பிறகுதான் கும்பிடுவார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் நான் சிவப்புக்கு மாற்றுவேன்.

இந்த வருடம் அக்காவுக்கு முழங்கால் வலி. எழுந்திருக்க முடியவில்லை. பாட்டு வந்தது, ஒருவருக்குச் சாமி வந்தது, வெள்ளையைப் போட்டேன். அக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு தவித்தார். அதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு பெண் போனாள். அந்த மாடி வீடுகளுக்குக் குடிவந்தவள், முப்பது வயதுகூட இருக்காது. வயிற்றைத் தடவினாள், முதுகைத் தடவினாள், கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள், கும்பிட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் வரிசையில் நின்று அதையே செய்தார்கள்.

எங்கள் கடைக்குப் புதிதாக வந்தவர் அவளிடம் கேட்டார். “என்னாக்கா இது, வேற எங்கயும் பாத்ததில்லயே?”

“இந்தக் கோயில்ல இப்படித்தான் தம்பி. கை வச்சுப் பாத்துட்டுத்தான் கும்பிடணும். ஏன்னு தெரியல, பெரியவங்க செய்வாங்க.”

அக்கா என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு சிவப்பைப் போட்டேன்.

எழுதி முடித்தது, ரவாங்கில், இந்த வருடத்து ஆடிக் கடைசி வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை.