மெத்தைக் கடைக்குப் போகும் பக்கம்

அலுவலகத்தில் அவரை எல்லோரும் லிங்க் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கடையின் இணையதளத்துக்கு நாலு பேர் தங்கள் தளங்களிலிருந்து இணைப்பு கொடுத்தால், ‘பெரிய இடம் போலிருக்கிறது’ என்று நம்பி, தேடுபொறி அந்தக் கடையை மேலே தூக்கி வைக்கும். அந்த நாலு பேரும் தாங்களாகக் கொடுக்காவிட்டால் கொடுக்க வைப்பது அண்ணனின் வேலை. பல் டாக்டர், பூட்டுக் கடை, நாய்க்கு முடி வெட்டும் நிலையம் என்று யார் யாரையோ தேடலின் முதல் பக்கத்தில் உட்கார வைத்தவர். சொந்தக்காரர்களுக்குத்தான் அது கடைசிவரை புரியவில்லை. “மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல ஏதோ சிபாரிசு பண்றாராம்” என்பார் மாமனார். யோசித்துப் பார்த்தால், அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

அதிலும் ஒன்று அவருக்குக் கைவந்த கலை. யாரோ புதுப்பிக்காமல் விட்ட இணைய முகவரிகளைத் தேடிப் பிடிப்பார். பழைய பக்கங்கள் போயிருக்கும். ஆனால் அந்த முகவரிக்கு மற்றவர்கள் கொடுத்த இணைப்புகள் அப்படியே கிடக்கும். முகவரியை வாங்கி, வருகிறவர்களை வாடிக்கையாளரின் கடைப் பக்கம் திருப்பிவிட்டால் போதும், யாருக்கோ சேரவேண்டிய நல்ல பெயர் கடைக்காரருக்கு வந்து சேரும். அண்ணன் இன்னும் ஒரு படி மேலே போவார். இணையக் காப்பகத்தில் பழைய பக்கங்களின் நகல் கிடந்தால், ‘நான்தான் உரிமையாளர், நீக்கிவிடுங்கள்’ என்று எழுதி அதையும் துடைத்துவிடுவார். தடயமே இருக்காது. அந்தச் சுத்தத்தில் அவருக்குத் தனிப் பெருமை.

அவருடைய ஏழு வயது மகளுக்கு அந்த வருடம்தான் திக்க ஆரம்பித்தது. அவள் “த... த...” என்று தடுமாறும்போதே “தண்ணியா? இந்தா” என்று முடித்து வைத்துவிடுவார். உதவி செய்கிறோம் என்றே நினைத்தார், பாவம். போகப் போகப் பிள்ளை கேட்பதையே குறைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி போனை நீட்டினாள்.

“என்னங்க, இங்க பாருங்களேன். பாப்பா திக்குறதப் பத்தி எந்தக் குழுவுல போய்க் கேட்டாலும் இந்த ஒரு பக்கத்தைத்தான் படிக்கச் சொல்றாங்க. யாரோ ஒரு அம்மா, பையனுக்குத் திக்கினதப் பத்தி கடிதம் மாதிரி எழுதியிருக்காங்களாம். அழுத்தினா மெத்தைக் கடை வருது. எவனோ கெடுத்து வச்சிருக்கான்.”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த முகவரியை எப்படி மறப்பார்? இருநூற்றுப் பதினாலு இணைப்புகள்; ஒன்றுகூடக் கேட்டு வாங்கியதில்லை, எல்லாம் பெற்றவர்கள் மனமுவந்து கொடுத்தவை. “இந்த மாதிரி சுத்தமான சரக்கு கெடைக்கவே கெடைக்காது” என்று அலுவலகத்தில் மார்தட்டியிருந்தார். மெத்தைக் கடை இரண்டே மாதத்தில் முதல் பக்கத்துக்கு வந்தது.

“பாக்குறேன்” என்று மட்டும் சொன்னார். உண்மையைச் சொல்லத் தைரியம் இல்லை.

மறுநாள் வேலைக்குப் போனதும் காப்பகத்தைத் திறந்தார். ‘உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் நீக்கப்பட்டது’ என்றிருந்தது. அந்தத் தாயின் பழைய மின்னஞ்சலுக்கு எழுதினார். அப்படியொரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. மிஞ்சியது, முகவரியை வாங்கும்போது அவர் தயாரித்த இணைப்புகளின் பட்டியல் மட்டும். அப்போது எண்ணிக்கையை மட்டும்தான் பார்த்திருந்தார். இப்போதுதான் இணைப்போடு அந்தப் பெற்றவர்கள் எழுதிய வார்த்தைகளைப் படித்தார்.

‘மூன்றாவது கடிதத்தை ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன்.’ ‘இதைப் படித்த பிறகுதான் என் பையன் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டேன்.’ ‘பிள்ளையின் வார்த்தையை நாம் முடித்து வைக்கக் கூடாது என்கிறார். ஏன் என்று அவர் வாயாலேயே கேளுங்கள், இங்கே.’

அந்த ‘இங்கே’யை அழுத்தினார். பாதி விலையில் மெத்தை என்றது.

சாயங்காலம் மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே வைத்தாள்.

“அந்த எவனோ நீங்கதானா?”

அவர் தலையாட்டினார்.

“சரி, பழையபடி திருப்பி வச்சிருங்க.”

“வைக்க எங்கிட்ட ஒண்ணுமில்லம்மா. நானே அழிச்சுட்டேன்.”

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் உட்கார்ந்த இடத்திலேயே, மெத்தைக் கடைக்குப் போகும் வழியை எடுத்துவிட்டார். இனி அழுத்துகிறவர்களுக்கு வெறும் வெள்ளைப் பக்கம் வரும். அதற்குமேல் அவரால் செய்ய முடிந்தது எதுவுமில்லை.

மகள் வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அப்பா, நீ எ... எ... எ...”

வார்த்தை அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டார். முடித்து வைக்கக் கூடாது என்பது மட்டும்தான் தெரியும். அதற்குப் பிறகு என்ன செய்வது என்பது அவர் அழித்த பக்கத்தோடு போய்விட்டது. காத்திருந்தார்.

“எ... எதுக்குப்பா அழுவுற?”

அவள் முழுக் கேள்வியையும் தானே கேட்டு முடித்து எத்தனை மாதமாயிற்று! பதில் சொல்ல வாயைத் திறந்தார். “நான்... நான்...” என்பதற்குமேல் வரவில்லை. மகள் அவசரப்படுத்தாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.