கையில் வாங்காத பை

எங்கள் ஷூ கம்பெனியில் ஒரு வருஷம் சாப்பாட்டு நேரத்தில் இங்கிலீஷ் வகுப்பு வைத்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வந்தால் நாங்கள் நாலு வார்த்தை பேச வேண்டுமாம். ஐந்தாவதோடு நின்ற நான் கடைசியில் உட்கார்ந்து, தலை நிமிராமல் டப்பா சோற்றைத் தின்பேன். ஆள் எடுக்கிற, ஆள் நிறுத்துகிற ஆபீசர்தான் வாத்தியார்.

ஒரு நாள் போர்டில் ‘கெட் த சேக்’ என்று எழுதினார். சேக் என்றால் சாக்குப்பை. சாக்கு கிடைத்தது என்றால் வேலை போய்விட்டது என்று அர்த்தமாம்.

“அந்தக் காலத்துல அங்க வேலையாளுங்க சொந்த உளி, சுத்தியல சாக்குல போட்டு மொதலாளிகிட்ட வெச்சிருப்பாங்க. ஆள் வேணாம்னா, சாக்க எடுத்து கையில குடுத்துடுவாரு. லெட்டர் கிட்டர் ஒண்ணும் கெடையாது. பாவம் இல்ல?” என்றார்.

பாவம்தான். எங்கள் சூப்பர்வைசர் மேசைக்குப் பின்னால் வரிசையாக ஆணி அடித்திருக்கும். நூல் வெட்டுகிற கத்தரி எங்கள் சொந்தக் கத்தரி. கம்பெனி கொடுப்பது வெண்ணெயைக்கூட வெட்டாது. சாயங்காலம் அதைப் பையில் போட்டு ஆணியில் மாட்டிவிட்டு வர வேண்டும். யார் வேண்டாமோ, அவள் பை மறுநாள் வாட்ச்மேன் ரூமில் இருக்கும். கையில் வாங்கிவிட்டால் அவளே நின்றுவிட்டதாக எழுதிக்கொள்வார்கள். எழுதுகிறவர் இதே ஆபீசர். அவர்தான் என்றைக்கோ செத்துப்போன சீமைத் தச்சனுக்காக உச்சுக்கொட்டினார்.

“நம்ம ஆணியப் பத்தி இவருக்கு யாரும் சொல்லலியா, இன்னா?” என்றாள் பக்கத்திலிருந்தவள்.

கொஞ்ச நாளில் கண் மங்கி நான் இரண்டு ஜோடி ஷூவைக் கெடுத்தேன். மறுநாள் என் பை வாட்ச்மேன் ரூமுக்கு வந்துவிட்டது.

“வாங்கிக்கமா, பேஜார் பண்ணாத,” என்றார் வாட்ச்மேன்.

நான் கையைப் புடவைத் தலைப்பில் சுருட்டிக்கொண்டேன். “நீங்களே எடுத்துக்கினு ஆபீசுக்கு வாங்கண்ணே.”

அவர் முனகிக்கொண்டே வந்து ஆபீசர் மேசைமேல் வைத்தார். சுவரைப் பார்த்துத்தான் பேசினேன்.

“சார், மொதலாளியே கையில குடுப்பாருன்னு அன்னிக்கு சொன்னீங்களே. நீங்க குடுங்க சார். இல்லன்னா லெட்டர் குடுங்க.”

செத்த எலியைப் பார்ப்பதுபோல் பையைப் பார்த்தார். தொடவில்லை.

“யாரும்மா உன்ன நிறுத்துனது? போய் வேலையப் பாரு.”

வயசு முடிந்து நிற்கும்வரை என் பை அதே ஆணியில்தான் தொங்கியது. இங்கிலீஷ் வகுப்பைத்தான் நிறுத்திவிட்டார்கள். அதற்கும் லெட்டர் இல்லை.